மலைப் பள்ளியில் காது முகாம்: டாக்டர்களிடம் என்ன கேட்க வேண்டும்?

மலைப்பள்ளி_டீச்சர்:
ஜவ்வாது மலையில் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். பல பிள்ளைகளுக்குக் காதில் சீழ் வடிகிறது, மழைக்காலத்தில் இன்னும் அதிகம். அதில் சிலர் கூப்பிட்டால் திரும்புவதே இல்லை, படிப்பு வராது என்று அவர்களை ஒதுக்கி வைத்துவிடுகிறோம். இப்போது ஓர் அறக்கட்டளை இ.என்.டி. டாக்டர்களை அழைத்துவந்து ஒருநாள் முகாம் நடத்தித் தருவதாகச் சொல்கிறது. இதற்கு முன் வேறொரு முகாமில் கொடுத்த காது மிஷின்கள் பேட்டரி தீர்ந்து டிரங்குப் பெட்டியில் கிடக்கின்றன, அதனால்தான் தயங்குகிறேன். ஒத்துக்கொள்ளலாமா? ஒத்துக்கொண்டால் என்னென்ன கேட்டு வாங்க வேண்டும்?

ஆடியோகிராம்:
கட்டாயம் ஒத்துக்கொள்ளுங்கள் டீச்சர். ஆனால் அவர்கள் மறுபடி எப்போது வருவார்கள் என்ற தேதியை முதலில் கேளுங்கள். மிஷினோடு காதுக்குள் வைக்கும் மோல்டு பிள்ளையின் காது அளவுக்குச் செய்தது, பிள்ளை வளர வளர அது லூசாகிக் கீச்சென்று சத்தம் போடும், பிள்ளை கழற்றி வைத்துவிடும். பேட்டரி ஒன்றிரண்டு வாரம்தான் வரும், மலைக்கடையில் கிடைக்காது. இதையெல்லாம் யார் பார்ப்பது என்று முடிவு செய்யாமல் மிஷின் கொடுப்பதில் பயனில்லை. சீழ் வடிகிற காதை மோல்டு வைத்து அடைத்தால் இன்னும் மோசமாகும். முதலில் காது காய வேண்டும். அப்புறம், கேட்கும் சோதனைக்குச் சமையல்கூடத்திலிருந்து தள்ளி ஓர் அமைதியான அறை ஒதுக்குங்கள், இரைச்சலில் எடுத்த அளவை நம்ப முடியாது.

மருத்துவர்_தெற்கு:
இ.என்.டி. டாக்டராகச் சில மலை முகாம்களுக்குப் போயிருக்கிறேன். நீங்கள் சொல்கிற பிள்ளைகளில் பெரும்பாலோருக்குச் செவிப்பறையில் ஓட்டை இருக்கும். அதனால் வரும் கேட்கும் குறை பெரும்பாலும் 30 முதல் 50 டெசிபல் (ஒலியை அளக்கும் அலகு) வரைதான். 2016-ம் வருட மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி சான்றிதழ் கிடைக்க இரண்டு காதிலும் 60 டெசிபல் குறை வேண்டும், அதனால் இவர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. ஆனால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தால் பாடம் பாதிதான் காதில் விழும். எனக்கு இதுதான் பெரிய ஆதங்கம், ஏனென்றால் இவர்களில் நிறையப் பேரைக் குணப்படுத்திவிட முடியும்.

நாளைக்கே முன் பெஞ்சுக்கு மாற்றுங்கள். சுத்தமான பஞ்சைத் திரியாக்கி ஈரத்தை ஒற்றி எடுக்க விடுதியில் ஒருவருக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சைக் காதுவாயில் வைக்கலாம். எண்ணெய், பச்சிலைச் சாறு எதுவும் உள்ளே ஊற்றக் கூடாது. மெடிக்கலில் கொடுக்கிற சொட்டு மருந்தும் வேண்டாம், ஜென்டாமைசின் மாதிரி மருந்து ஓட்டை வழியாக உள்காதைக் கெடுக்கலாம். சீழ் கெட்ட நாற்றம் அடித்தாலோ, தலைவலி, தலைசுற்றல், முகக்கோணல் இருந்தாலோ முகாமுக்குக் காத்திருக்காமல் உடனே திருவண்ணாமலை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

கொல்லிமலை_அம்மா:
என் மகனுக்கு ஆபரேஷன் செய்யச் சொல்லி முகாமில் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். சீட்டு எங்கள் வீட்டில் ரொம்ப நாள் கிடந்தது. கீழே போனால் யாரைப் பார்ப்பது, எத்தனை நாள் தங்குவது, கூலி போனால் வீட்டில் மற்ற பிள்ளைகளுக்கு என்ன செய்வது, ஒன்றும் தெரியாது, பயம் வேறு. கடைசியில் எங்கள் ஊர் நர்ஸம்மா கூடவே வந்து ஓ.பி.யில் உட்கார்ந்த பிறகுதான் காரியம் நடந்தது. அதனால் சீட்டோடு நிறுத்த வேண்டாம் டீச்சர், வண்டியும் கூட வர ஓர் ஆளும் கேளுங்கள்.

ஆடியோகிராம்:
அம்மா சொல்வதுதான் முக்கியம். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் கிராம சுகாதாரப் பணியாளர்களுக்கே பயிற்சி கொடுத்துக் குழந்தைகளின் காதைச் சோதிக்க வைத்தார்கள், அடுத்தகட்டப் பரிசோதனையை ஆடியாலஜிஸ்ட் (கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணர்) தொலைவிலிருந்தே செய்தார். உள்ளூர் ஆள் இருந்தால் தொடர்ந்து பார்க்க முடியும். பள்ளிக்கு வருஷம் ஒருமுறை வரும் ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசின் குழந்தைகள் உடல்நலப் பரிசோதனைக் குழுவிடமும் இந்தப் பிள்ளைகளின் பட்டியலைக் கொடுத்து வையுங்கள்.

மலைப்பள்ளி_டீச்சர்:
எல்லோருக்கும் நன்றி. பெஞ்சை இன்றே மாற்றுகிறேன். எங்கள் விடுதிச் சமையலம்மாவுக்குப் பிள்ளைகள் மேல் பாசம் அதிகம், பஞ்சுத் திரி வேலையை அவரிடம் கேட்டுப் பார்க்கிறேன். அறக்கட்டளையிடம் மறுவருகைத் தேதி, வண்டி, கூட வர ஆள் மூன்றையும் எழுத்தில் கேட்கப் போகிறேன். டாக்டர் சார், காது காய்ந்த பிறகு செவிப்பறை ஆபரேஷன் எந்த வயதில் செய்வார்கள்?

மருத்துவர்_தெற்கு:
டாக்டருக்கு டாக்டர் மாறுபடும், பலர் எட்டு, பத்து வயது வரை பொறுப்பார்கள். இரண்டு காதிலும் ஓட்டை என்றால் முன்கூட்டியே யோசிப்போம். அந்தப் பிள்ளைகளின் பெயரைப் பட்டியலில் மேலே எழுதுங்கள்.