தலைகீழ் மேலச்சு: அசலா, போலியா?

வணக்கம். யாங்கூனிலிருந்து எழுதுகிறேன். ஸ்காட் மார்க்கெட்டில் பழைய காசு விற்கும் ஒருவரிடம் ஆறாம் ஜார்ஜ் மன்னர் படம் போட்ட பர்மா தபால்தலை ஒன்று கிடைத்தது. 1947இல் இடைக்கால அரசுக்காகப் பர்மிய எழுத்தில் மேலச்சு (ஏற்கெனவே அச்சான தலையின் மேல் மறுபடி அடிக்கும் எழுத்து) அடித்தார்களே, அந்த வரிசை. இதில் எழுத்து தலைகீழாக நிற்கிறது.

தாளைத் திருப்பி வைத்து அச்சடித்தால் அப்படி விழும், சரி. ஆனால் பிற்பாடு யாரோ அடித்துச் சேர்த்ததாகவும் இருக்கலாம். ஜப்பானியர் வந்த 1942இல் மயில் படத்தை மேலச்சாக அடித்த தலைகளில் எவ்வளவு போலி புழங்குகிறது என்று இங்கே சேகரிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

லென்ஸ் வைத்துப் பார்த்தால், ஓரிடத்தில் மேலச்சு மை தபால் முத்திரைக் கோட்டின்மேல் ஏறியிருப்பதுபோலத் தெரிகிறது. அப்படியானால் முத்திரை விழுந்த பிறகு அடித்ததுதானே? ஆனால் இரண்டு மையும் கறுப்பு. கண்ணை நம்ப முடியவில்லை. முத்திரையில் ஆண்டும் சரியாக விழவில்லை.

மோல்மேன், மண்டலே பக்கம் யாரிடமாவது இதே வரிசையில் நேரான மேலச்சுத் தலை இருந்தால், பெரிதாக ஸ்கேன் செய்து போடுங்கள். எழுத்தின் அளவையும் வளைவையும் ஒப்பிட வேண்டும். அப்புறம், தலையை லண்டன் நிபுணர்களுக்கு அனுப்பி, அசல்தான் என்று சான்றிதழ் வாங்கிய அனுபவம் யாருக்காவது உண்டா? செலவு தலையின் விலையைத் தாண்டிவிடுமோ என்றுதான் யோசனை.