புதுப்பிப்பு: பிரிட்டன் துணைவர் விசா, வருமானக் கணக்கு

முந்தைய இழையில், கணவரையோ மனைவியையோ பிரிட்டனுக்கு அழைப்பவருக்கு ஆண்டுக்கு 29,000 பவுண்டு வருமானம் வேண்டும் (2024 ஏப்ரல் 11 முதல், அதற்கு முன் 18,600) என்று எழுதியிருந்தேன். குறையும் தொகையைச் சேமிப்பால் ஈடுகட்டலாம் என்றதோடு விட்டுவிட்டேன். பலரும் கேட்டதால் கணக்கு இதோ.

சம்பளம் 25,000 என்றால் குறைவு 4,000. அதை 2.5 ஆல் பெருக்கினால் 10,000. அதோடு 16,000 சேர்த்தால், வங்கியில் இருக்க வேண்டியது 26,000. முதல் 16,000 கணக்கிலேயே சேராது. அதைத்தான் பலர் மறக்கிறார்கள். சம்பளமே இல்லையென்றால் 88,500.

அந்தப் பணம் 6 மாதம் கையில் இருக்க வேண்டும். இடையில் ஒரு நாள் இருப்பு இறங்கினாலும் அந்தக் குறைந்த தொகைதான் கணக்கு. அப்பா அன்பளிப்பாகத் தந்தது செல்லும், கடன் செல்லாது. சொந்தத் தொழில் வருமானத்தோடு சேமிப்பைச் சேர்க்கவும் முடியாது.

இன்னொரு பொறி சம்பள உயர்வு. ஒரே முதலாளியிடம் 6 மாதம் வேலை என்ற வழியில், மாதச் சம்பளக்காரருக்கு அந்த 6 மாதத்தில் இருந்த மிகக் குறைந்த சம்பள அளவையே எடுப்பார்கள். மூன்று மாதம் முன்புதான் 29,000 ஆனது என்றால் பொறுத்திருங்கள். பார்ப்பது வரி பிடிப்பதற்கு முந்தைய தொகை, மாதம் சுமார் 2,417.

வெளிநாட்டில் இருந்து விண்ணப்பிக்கும் மனைவியோ கணவரோ சென்னையில் வாங்கும் சம்பளம்? சேராது. ஆனால் அவர்களுடைய சேமிப்பு சேரும்.