மல்டிபிள் யூனிட்: ‘உடனியங்கி’ எனலாமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

தனி எஞ்சின் இல்லாமல், பெட்டிகளிலேயே மோட்டார்கள் பொருத்தி ஓடும் வண்டியை இ.எம்.யூ. (எலெக்ட்ரிக் மல்டிபிள் யூனிட்) என்கிறோம். பாடநூலில் இதைக் குறிக்க ‘மின்சார ரயில்’ என்ற சொல்லே போதும் என்று குழுவில் எழுந்த கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931இல் மீட்டர் பாதையில் மின்சாரச் சேவை தொடங்கிய நாளில், நீராவி வண்டிகளிலிருந்து பிரித்துக்காட்ட அந்தப் பெயர் உதவியது. இன்று மின் எஞ்சின் இழுத்துச்செல்லும் வைகை எக்ஸ்பிரஸும் மின்சாரத்தில்தான் ஓடுகிறது. பேச்சில் ‘மின்சார ரயில்’ நிலைக்கட்டும். பாடநூலுக்கு அது போதாது.

புறநகர் வண்டியின் தனித்தன்மை மின்சாரத்தில் இல்லை, மோட்டார்கள் பரவியிருக்கும் முறையில் இருக்கிறது. ஒன்பது பெட்டி வண்டி என்பது மும்மூன்று பெட்டிகள் கொண்ட மூன்று அலகுகளின் சேர்க்கை. ஒவ்வோர் அலகிலும் ஒரு மோட்டார் பெட்டி உண்டு; முன்னறையில் மோட்டார்மேன் (ஓட்டுநர்) கைப்பிடியைத் திருப்பியதும் மூன்றும் ஒரே நேரத்தில் உந்துகின்றன. நிலையங்கள் நெருங்கியிருக்கும் தடத்தில் வண்டி விரைவாக வேகம் பிடிப்பதற்கும், கடற்கரை நிலையத்தில் எஞ்சினைக் கழற்றி மாற்றாமல் மறுமுனை அறையிலிருந்தே திரும்ப ஓட்டுவதற்கும் இந்த அமைப்பே காரணம். 1897இல் சிகாகோவில் அமெரிக்கப் பொறியாளர் ஸ்பிரேக் செய்துகாட்டிய புதுமையும் ஒரே இடத்திலிருந்து பல மோட்டார் பெட்டிகளை ஆள்வதுதான். ஆகவே, மல்டிபிள் யூனிட்டுக்கு ‘பன்மடங்கு அலகு’ என்னும் மொழிபெயர்ப்பு எண்ணிக்கையைச் சொல்லிக் கருத்தை விட்டுவிடுகிறது.

நண்பர் முன்வைத்த ‘மின்னலகு’ எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ‘யூனிட்’ என்ற பேச்சுவழக்கோடும் அது ஒத்துப்போகிறது. ஆனால், மின்கட்டண அட்டையில் யூனிட்டுக்கும் அலகு என்றே எழுதுகிறோம் என்பதால் குழப்பம் உறுதி.

என் பரிந்துரை ‘உடனியங்கி’. ‘தானியங்கி’ பழகிய காதுக்கு இது அயலாக ஒலிக்காது. பல மோட்டார்கள் உடன் இயங்குவதையும் நேராகச் சொல்கிறது. மின் உடனியங்கி, டீசல் உடனியங்கி என்று கிளைக்கவும் இடம் தருகிறது. பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். 2018இல் உருவாக்கிய வந்தே பாரத்திலும் ஒன்றுவிட்டு ஒரு பெட்டியில் மோட்டார்கள் இருப்பதால், புறநகர் வண்டி அல்லாத அதுவும் இச்சொல்லுக்குள் அடங்கும்.

மோட்டார் பெட்டியை ‘உந்துபெட்டி’ எனலாம். மோட்டார் இல்லாத டிரெய்லருக்கு ‘பின்செல்பெட்டி’ பொருந்தாது, ஏனெனில் ஓட்டுநர் அறை கொண்ட முதற்பெட்டியே மோட்டார் இல்லாததாக அமைவதுண்டு. அதற்குத் ‘துணைப்பெட்டி’ என்று வைத்திருக்கிறேன். இதைவிடத் தெளிவான சொல் கிடைத்தால் மாற்றிக்கொள்ள அணியமாக இருக்கிறேன்.