ஒரு 'இ' விட்டதில் செத்துப்போன தோல்

ஒரே மாதிரி காதில் விழுகிற இங்கிலீஷ் வார்த்தைகளால் பட்ட பாட்டை ஆளாளுக்குச் சொல்கிறீர்கள், என் பங்குக்கு ஒன்று. 2008-ல் ராணிப்பேட்டையில் தோல் பதனிடுகிற ஒரு டேனரி ஆபீஸில் சேர்ந்த புதிது, வெளிநாட்டு பார்ட்டிகளுக்கு மெயில் போடுவது என் தலையில். சரக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு இத்தாலிக்காரர் கேட்டிருந்தார். அவருடைய தோல் அன்றைக்கு சாய ட்ரம்மில் ஓடிக்கொண்டிருந்தது, நானும் 'லெதர் டையிங்கில் இருக்கிறது' என்று தட்டிவிட்டேன். தட்டியது டி, ஒய், ஐ, என், ஜி. ஒய்க்கு அப்புறம் ஒரு இ இருந்தால்தான் சாயம் ஏற்றுவது, இல்லாவிட்டால் சாவது. ஸ்பெல்செக் கண்டுகொள்ளவே இல்லை, இரண்டும் சரியான வார்த்தைதானே.

மறுநாள் அவர் கேட்கிறார், சரக்கில் பூஞ்சை பிடித்துவிட்டதா என்று! அவரைச் சொல்லிக் குற்றமில்லை, வெட் புளூ தோலை, அதாவது குரோமில் பதனிட்டு இன்னும் சாயம் ஏற்றாத தோலை, ஈரத்தோடு ரொம்ப நாள் அடுக்கிவைத்தால் பூஞ்சை பிடிக்கத்தான் செய்யும். மேனேஜர் பாய் கூப்பிட்டு, "ஏம்ப்பா, ஒரு இ போட சோம்பப்பட்டு உயிரையே எடுத்துட்டியே" என்றார். அப்புறம் அவரே போன் போட்டுப் பேசி சமாளித்தார்.

குடியாத்தத்திலிருந்து ஒருவர்: இங்கே லுங்கி நூலுக்குச் சாயம் போடுகிற ஒரு பட்டறையில் போர்டிலேயே அந்த இ இல்லை. எழுதின பெயின்டரைக் கேட்டால், ரைட் ரைட்டிங் ஆகும்போது கடைசி இ போகிறதே, இதில் மட்டும் ஏன் போகாது என்று மடக்கினார். நியாயமான கேள்விதான்! சாவோடு குழம்பக் கூடாது என்றுதான் இதில் இ-யை விட்டுவைத்திருக்கிறார்கள். துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைத் தீயில் பொசுக்குகிற சிஞ்ஜிங் வேலைக்கும் இதே கதை, ஜிக்கு அப்புறம் வரும் இ-யை விட்டால் துணி பாட ஆரம்பித்துவிடும். கடைசியில் பெயின்டர் இரண்டு எழுத்துக்கு நடுவே குட்டியாக ஒரு இ சொருகினார், தூரத்திலிருந்து பார்த்தால் ஈ உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

ஆம்பூரிலிருந்து இன்னொருவர்: உங்களுக்கு இரண்டு டைதான், சாயமும் சாவும். ஷூ கம்பெனியில் தோலை வெட்டுகிற இரும்பு அச்சுக்கும் டை என்றுதான் பெயர், அதுவும் சாவுக்கு எழுதுகிற அதே மூன்று எழுத்து. நான் சேர்ந்த முதல் நாள் சூப்பர்வைசர் "டை எடுத்துட்டு வா தம்பி" என்றார். இன்டர்வியூவுக்குக் கட்டிக்கொண்டு போன டையைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன்.