நாலு நாள் விற்பனையை வைத்துப் பட்டாபிஷேகமா?

கணக்குப்பிள்ளை:
நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார்: நிண்டெண்டோவின் புது வீடியோ கேம் பெட்டி ஸ்விட்ச் 2 முதல் நாலு நாளில் 35 லட்சம் விற்றுவிட்டது, அதனால் இந்தத் தலைமுறைப் பெட்டிகளின் சந்தைப் பங்கு முடிவாகிவிட்டதாம். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. 2006 நவம்பரில் அதே நிறுவனத்தின் வீ பெட்டி வந்தது. டிசம்பர் முடிவதற்குள் 31.9 லட்சம். 2012 நவம்பரில் அதற்கு அடுத்த பெட்டி வீ யூ வந்தது. அதே டிசம்பர் முடிவில் 30.6 லட்சம். கிட்டத்தட்ட சமம். கடைசியில்? வீ 10 கோடியைத் தாண்டியது. வீ யூ 1 கோடியே 35 லட்சத்தோடு நின்றுபோனது. தொடக்கத்தை வைத்து முடிவு சொல்வதற்குப் பெயர் கிளி ஜோசியம்.

ஜாய்ஸ்டிக்:
எழுதியது நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். அந்த 30.6 லட்சம் விற்பனை இல்லை. நிண்டெண்டோ கடைகளுக்கு அனுப்பிய சரக்கு. வீ வந்தபோது கடைக்குக் கடை அலைந்தாலும் பெட்டி கிடைக்கவில்லை. வீ யூ அலமாரியில் தூங்கியது. இரண்டையும் ஒரே தராசில் வைக்கிறீர்கள்.

கணக்குப்பிள்ளை:
31.9 லட்சமும் அதே நிறுவனம் அதே முறையில் சொன்ன கணக்குதான், தம்பி. அது சரக்கு என்றால் இரண்டும் சரக்கு.

ஜாய்ஸ்டிக்:
தம்பி என்று கூப்பிட வேண்டாம். 2013 ஏப்ரல் முதல் ஜூன் வரை மூன்று மாதத்தில் வீ யூ போனது வெறும் 1 லட்சத்து 60 ஆயிரம். ஏன்? முன்பே அனுப்பியது தேங்கிக் கிடந்தது. அந்த 30.6 விற்பனை இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

மூலை இருக்கை:
முதலில் சந்தைப் பங்கு என்று எதைச் சொல்கிறீர்கள்? அந்த வருடத்து விற்பனையா, வாழ்நாள் மொத்தமா? கையில் எடுத்துப்போகிற ஸ்விட்சை சோனியின் பிஎஸ்5 கூடச் சேர்த்து எண்ணலாமா?

கணக்குப்பிள்ளை:
அதை அப்புறம் பார்க்கலாம். நிண்டெண்டோவே ஏமாந்த கதையைக் கேளுங்கள். 2013-14 நிதியாண்டில் 90 லட்சம் வீ யூ விற்போம் என்றார்கள். 2014 ஜனவரியில் அதை 28 லட்சமாகக் குறைத்தார்கள். போனது 27.2 லட்சம். தலைவர் சடோரு இவாட்டா ஐந்து மாதத்துக்குத் தன் சம்பளத்தைப் பாதியாக வெட்டிக்கொண்டார். கிடங்குச் சாவி கையில் இருந்தவருக்கே தெரியாதது நாலு நாளில் உங்களுக்குத் தெரிந்துவிட்டதா?

பச்சைப்பெட்டி:
எப்போது பார்த்தாலும் நிண்டெண்டோ, நிண்டெண்டோ. சோனியின் பிஎஸ்3க்கு ஒரு வருடம் முன்னாலேயே மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 வந்தது. அமெரிக்காவில் கடைசிவரை பிஎஸ்3ஐவிட அதுதான் முன்னால். முந்திக்கொண்டவனுக்குப் பலன் உண்டு.

ஜாய்ஸ்டிக்:
உலகக் கணக்கில் பிஎஸ்3 முந்திவிட்டதே. அதோடு கோளாறைக் காட்டும் சிவப்பு வளையம் எரிந்து பெட்டி செத்ததும் இரண்டாவது 360 வாங்கியவர்களை எப்படி எண்ணுவீர்கள்? 2007இல் உத்தரவாதத்தை மூன்று வருடமாக நீட்டி, அதற்கு 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கினார்கள்.

பச்சைப்பெட்டி:
நீங்கள் மட்டும் பேசாதீர்கள். 2016இல் முதல் ஸ்விட்சும் வீ யூ வழியில்தான் போகும் என்று எழுதியவர் நீங்கள். நான் மறக்கவில்லை.

ஜாய்ஸ்டிக்:
அது ஒன்பது வருடத்துக்கு முந்தைய பேச்சு. எக்ஸ்பாக்ஸ் எத்தனை விற்றது என்று 2015இலிருந்து மைக்ரோசாஃப்ட் வாயே திறப்பதில்லை. ஜெயிக்கிறவன் ஏன் மறைக்க வேண்டும்?

கணக்குப்பிள்ளை:
ஸ்விட்ச் என்றதும் நினைவு வருகிறது. 2017 மார்ச் 3 அன்று வந்தது, மாதம் முடியும்போது 27.4 லட்சம். வீ யூவின் 30.6ஐவிடக் குறைவு. இன்று 15 கோடிக்கு மேல். உங்கள் முறைப்படி ஸ்விட்ச் தோற்றிருக்க வேண்டும்.

ஜாய்ஸ்டிக்:
மார்ச் மாதத்தை கிறிஸ்துமஸ் வியாபாரத்தோடு ஒப்பிடுகிறீர்கள். கணக்கு தெரிந்தவர் செய்கிற வேலையா இது? திரும்பவும் சொல்கிறேன், அந்த 30.6 சரக்கு.

மூலை இருக்கை:
நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

கணக்குப்பிள்ளை:
27.4உம் சரக்கு, 31.9உம் சரக்கு. உங்களுக்குப் பிடிக்காத எண் மட்டும் சரக்காகிவிடுகிறது.

ஜாய்ஸ்டிக்:
அந்த 30.6இல் எத்தனை பெட்டி வீட்டுக்குப் போனது? அதைச் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
31.9இல் எத்தனை போனது என்று நீங்கள் முதலில் சொல்லுங்கள்.