தனியாகக் கடலில் விழுந்து நீந்திக் கரையேறியவர்கள் யாராவது உண்டா?

தேரிமணல்:

நான்கு வருடம் ஆகிவிட்டது. ஒரு விஷயம் மட்டும் இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது, அதனால் எழுதுகிறேன்.

மாசி மாதம். மணப்பாட்டுக்கு வெளியே பன்னிரண்டு பாகத் தண்ணீர், ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி. விடிய இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. கூட வரும் பையனுக்குக் காய்ச்சல், ஃபைபர் படகில் நான் மட்டும். ஓட்டத்திலேயே, படகின் பின்புறமான அமரத்தில் நின்று ஒன்றுக்குப் போனேன். மீதியை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இஞ்சின் கைப்பிடியைக் கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தேன். கட்டாமல் விட்டிருந்தால் படகு வட்டம் அடித்து என் பக்கமே வந்திருக்கும். அது நூல் பிடித்தாற்போல் நேரே கிழக்கே போய்விட்டது. சத்தம் மெலிந்துகொண்டே போய், கடைசியில் அது இஞ்சினா, என் காதுக்குள் இரைகிறதா என்று தெரியவில்லை.

கைலி காலைச் சுற்றி ஆளைக் கீழே இழுத்தது, அவிழ்த்து விட்டுவிட்டேன். கலங்கரை விளக்கு, அலை தூக்கும்போது தெரியும், இறக்கும்போது போய்விடும். கரைக்காற்று எதிரே. முதல் இரண்டு மணி நேரம் நீந்தினேன் என்பதைவிட, இருந்த இடத்திலேயே இருந்தேன் என்பதுதான் சரி. வடக்கிலிருந்து ஓடும் நீரோட்டமான வாநீவாடு வேறு தெற்கே தள்ளியது. வெளுத்தபோது மேட்டிலிருக்கும் எங்கள் கோவில், இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் நன்றாக வலப்பக்கம் ஒதுங்கியிருந்தது. தலையணை அளவுக்கு ஒரு தெர்மாகோல் துண்டு மிதந்து வந்தது. அதை நெஞ்சுக்குக் கொடுத்துக்கொண்டேன்.

ஏழு மணி வாக்கில் ஓர் இஞ்சின் சத்தம். எங்கள் கரையில் எது யாருடைய இஞ்சின் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். அது என் அக்காள் கணவருடையது. வந்து, சத்தம் அடங்கி, அறுபது எழுபது பாகம் தள்ளி நின்றது. அவர் குனிந்து, வெட்டிய கேனால் படகுத் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் தண்ணீர் விழும் சத்தம் எனக்குக் கேட்டது. அவ்வளவு அமைதியான கடல்.

ஒரு வலைப் பங்குத் தகராறில் அவரோடு பேச்சு நின்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. நான் வாயைத் திறந்தேன். 'அத்தான்' என்று கூப்பிட வேண்டும். அந்தச் சொல் வரவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் கிடையாது. வேறு எப்படிக் கூப்பிடுவது என்று யோசித்தேன். நம்புங்கள், கடலில் கிடந்துகொண்டு யோசித்தேன். 'ஓய்' என்று நான் கத்தியபோது அவர் இஞ்சினைக் கிளப்பியிருந்தார்.

அதன் பிறகு கொண்டல், கிழக்குக் காற்று, எடுத்தது, கரைப்பக்கம் தள்ளியது. பதினொன்றரை மணிக்குப் பெரியதாழைப் பக்கம் மணலில் கால் பட்டது. நிற்க முடியவில்லை, அலைதான் உருட்டிக் கொண்டுவந்து போட்டது. கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர் ஓடி வந்து, முதலில் தன் துண்டை எடுத்து என் இடுப்பில் கட்டிவிட்டு, பிறகுதான் எந்த ஊர் என்று கேட்டார்.

எனக்கு வாய் அடைத்தது களைப்பாலா, வீம்பாலா? உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்ததுண்டா?

வடகடல்:

தேரிமணல் அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது. தண்ணீரில் கிடக்கிறவனுக்கு வீம்பாவது ஒன்றாவது? எதிரி படகு வந்தாலும் 'ஐயா சாமி' என்றுதான் கத்துவான். நாலு மணி நேரம் உப்புத் தண்ணீர் போனால் தொண்டை வீங்கிவிடும், நாக்கு தடித்துவிடும். உங்களுக்குக் குரல் போயிருக்கிறது. பிறகு வீட்டில் உட்கார்ந்து அதற்கு ஒரு காரணம் தேடியிருக்கிறீர்கள்.

என் கதை ராமேஸ்வரத்துக் கதை. விசைப்படகில் ஐந்து பேர். மடி வலையைப் போட்டுவிட்டு இழுத்துக்கொண்டிருந்தோம், மூன்று பேர் தூக்கம், டிரைவர் உள்ளே. நான் பின்னால் மீன் பெட்டியைத் தள்ளும்போது கால் வழுக்கிவிட்டது. இஞ்சின் இரைச்சலில் நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. ராமேஸ்வரத்துக்கு வடக்கே உள்ள வடகடல் ஆழமில்லாத கடல்தான், ஆனால் ஐந்து பாகத் தண்ணீரும் ஆளை முழுகடிக்கும். சொறி என்கிற ஜெல்லிமீன் முழங்கையிலிருந்து கழுத்து வரை இழுத்துவிட்டது. எரிச்சலில் தூக்கமே வரவில்லை, ஒரு விதத்தில் அதுதான் என்னைக் காப்பாற்றியது.

நான் சொல்ல வந்தது வேறு. விடிந்து வெகுநேரம் கழித்து, நீந்திக்கொண்டிருந்தவன் காலில் மணல் தட்டியது. எழுந்து நின்றேன். இடுப்பளவுத் தண்ணீர். சுற்றிப் பார்த்தால் நாலு பக்கமும் கடல். தனுஷ்கோடிக்கு அந்தப் பக்க மணல் தீடைகளில் ஒன்று, மேலே எழும்பாமல் தண்ணீருக்குள்ளேயே கிடப்பது. நடுக்கடலில் நான் மட்டும் நிற்கிறேன். உட்கார முடியாது, படுக்க முடியாது. அதை விட்டு மறுபடி ஆழத்தில் இறங்கவும் மனம் வரவில்லை. நீந்தியபோது வராத பயம் அங்கே நின்றபோது வந்தது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. நிழல் காலடிக்கு வந்தபோதுதான் இறங்கினேன். அரிச்சல்முனையில் ஏறும்போது சுற்றுலா வந்தவர்கள் என்னைப் படம் எடுத்தார்கள்.

இன்றும் தரையில் சும்மா நிற்கும்போது சில சமயம் கணுக்காலைச் சுற்றி மணல் அரித்துக்கொண்டு போவதுபோல் இருக்கும்.

பழைய கப்பல்காரன்:

நண்பர்களே, நானும் விழுந்திருக்கிறேன். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரத்தில் நின்றபோது ஏணியிலிருந்து விழுந்து, இருபது நிமிடத்தில் எடுத்துவிட்டார்கள். அது பெரிய விஷயமில்லை. ஆனால் மேலே உள்ள இருவர் கதையிலும் தவறுகள் இருக்கின்றன, அவற்றைச் சொல்லாமல் போனால் இளையவர்கள் அப்படியே பின்பற்றுவார்கள்.

தனியாகப் போகிறவர் கைப்பிடியைக் கட்டவே கூடாது. வெளி இஞ்சின்களில் நிறுத்தும் விசையோடு சேர்ந்த ஒரு சுருள் கயிறு வரும். மறுமுனையை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டால், ஆள் விழுந்த நொடியில் இஞ்சின் நின்றுவிடும். நம் ஆட்கள் முதல் நாளே அதைக் கழற்றி வீசிவிடுகிறார்கள். அடுத்து, விழுந்ததும் நீந்தக் கூடாது. மல்லாந்து மிதந்து மூச்சை நிதானத்துக்குக் கொண்டுவர வேண்டும். காற்று எங்கிருந்து, நீரோட்டம் எங்கே என்று பார்த்த பிறகுதான் கை வீச வேண்டும். நீரோட்டத்தை எதிர்த்து நீந்துவது வீண். அதன் போக்கில் குறுக்காகப் போனால் ஊர் தப்பினாலும் கரை தப்பாது. எப்படியும் கத்த வேண்டும், அல்லது கையால் தண்ணீரை அறைய வேண்டும். ஒரு விசிலைக் கழுத்தில் போட்டுக்கொள்ள எவ்வளவு செலவாகும்? கரையில் இருப்பவர்கள் கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கட்டணம் கிடையாது.

தெர்மாகோல் கிடைத்தது அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டால்? 2013 ஜூலையில் அமெரிக்காவில் ஜான் ஆல்ட்ரிஜ் என்ற சிங்கிறால் மீனவர் நியூயார்க்குக்குக் கிழக்கே இரவில் தனியாக விழுந்தார். கூட்டாளிகள் தூக்கத்தில். காலில் இருந்த ரப்பர் பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்து, உள்ளே காற்றை அடைத்து, இரண்டு அக்குளிலும் இடுக்கிக்கொண்டு கிட்டத்தட்ட 12 மணி நேரம் தாக்குப்பிடித்தார். ஹெலிகாப்டர் கண்டுபிடித்தது. பூட்ஸைக் கழற்றி எறிந்துவிட வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். அவர் எறியவில்லை.

குளிர்க் கடல் வேறு கணக்கு. 1984 மார்ச்சில் ஐஸ்லாந்தில் படகு கவிழ்ந்து, குட்லாகுர் ஃபிரித்தோர்சன் என்ற இளைஞர் மட்டும் ஐந்தாறு மணி நேரம் நீந்தி ஹெய்மேய் தீவில் ஏறினார். கடல் 5, 6 பாகை செல்சியஸ்தான். சாதாரண மனிதர் அதில் ஒரு மணி நேரம் தாங்கினாலே அதிகம். ஏறிய பிறகும் எரிமலைக் குழம்பு உறைந்த பாறையில் வெறுங்காலோடு நடந்து, ஆட்டுக்கு வைத்திருந்த தொட்டியின் பனிக்கட்டியைக் கையால் உடைத்துத் தண்ணீர் குடித்துவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார். பிறகு மருத்துவர்கள் சோதித்ததில், அவருடைய தோலடிக் கொழுப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு தடிமனாக இருந்ததாம். நமக்கு அந்தக் கொழுப்பு இல்லை, ஆகவே லைஃப் ஜாக்கெட் போடுங்கள். நம் கடல் 27, 28 பாகை இருந்தாலும் உடல் சூடு அதைவிட அதிகம். மெல்ல மெல்ல உருவிக்கொண்டே இருக்கும். மேலும்

பாசிக்காரி:

கப்பல்கார ஐயா, நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு முங்கிக் கடல்பாசி எடுக்க முடியுமா? எங்களையும் கணக்கில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

நான் வள்ளத்திலிருந்து விழவில்லை, வள்ளம்தான் என்னை விட்டுவிட்டுப் போனது. பாம்பனிலிருந்து இரண்டு வள்ளத்தில் போயிருந்தோம். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, சாக்கை இடுப்பில் கட்டி முங்குவோம். மேகம் திரண்டதும் எல்லாரையும் ஏறச் சொல்லியிருக்கிறார்கள். நான் கடலடிப் பாறையான பாருக்கு அந்தப் பக்கம் முங்கியிருந்தேன். இந்த வள்ளத்துக்காரர்கள் நான் அதில் ஏறிவிட்டேன் என்றும், அந்த வள்ளத்துக்காரர்கள் நான் இதில் இருக்கிறேன் என்றும் நினைத்துக் கிளம்பிவிட்டார்கள். எழுந்து கண்ணாடியைத் தூக்கினால் இரண்டும் விரல் அளவுக்குத் தெரிந்தன.

தீவில் ஏறியிருக்கலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். இரவு யார் வருவார்கள்? வீட்டில் பால் குடிக்கும் பிள்ளை. குந்துகால் பக்கம் நீந்த ஆரம்பித்தேன்.

என் உறுத்தல் என்னவென்றால், சாக்கு. பத்துப் பதினைந்து கிலோ ஈரப் பாசி, காலையிலிருந்து முங்கி எடுத்தது. அதை இடுப்பிலிருந்து அவிழ்க்க எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. முடிச்சு இறுகிவிட்டது என்றுதான் ஊரில் சொல்லியிருக்கிறேன். முடிச்சு இறுகவில்லை. இன்னும் நூறு கை வீசிவிட்டு அவிழ்க்கலாம், இன்னும் நூறு என்று எண்ணிக்கொண்டே போனேன். மார்பில் பால் கட்டி வலித்தது. அதற்குப் பிறகுதான் அவிழ்த்தேன். அது உடனே முழுகவில்லை, கொஞ்ச தூரம் என்கூடவே வந்தது.

அதனால் தேரிமணல் அண்ணன் சொல்வதை நான் நம்புகிறேன். வடகடல் அண்ணன் சொல்வதுபோல் தண்ணீரில் விழுந்தால் மனது சுத்தமாகிவிடாது. கரையில் என்ன இருந்ததோ அதுவும் கூடவே நீந்தும்.

இப்போது கிளம்பும்போது எல்லாரும் பெயர் சொல்லித் தலை எண்ணுகிறோம். என் பெயரை இரண்டு முறை சொல்லிச் சிரிப்பார்கள்.

வடகடல்:

சரி தங்கச்சி, தோற்றுவிட்டேன். ஆனால் கப்பல்கார ஐயாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீச்சலும் கொழுப்பும் விசிலும் மட்டும் போதாது. வல்வெட்டித்துறை ஆனந்தன் 1971இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு வந்து திரும்பியும் நீந்திப் போனார், 51 மணி நேரம். அப்படிப்பட்டவரை 1984இல் ஆங்கிலக் கால்வாய் கொண்டுபோய்விட்டது. கடலுக்கு யார் எவ்வளவு பெரியவர் என்று தெரியாது. விசில் வாங்கிக்கொள்கிறேன், அது நல்ல யோசனை.

பழைய கப்பல்காரன்:

நான் சொன்னதும் அதைத்தான். குளிர்க் கடல் வேறு கணக்கு என்று தெளிவாக எழுதியிருக்கிறேன். முழுதாகப் படித்துவிட்டுப் பதில் எழுதுங்கள். பாசி எடுப்பவர்களுக்குத் தனியாக எழுதுகிறேன்.

கரையில் நிற்பவள்:

எனக்குக் கடல் அனுபவம் இல்லை, ஒக்கிப் புயல் அடித்தபோது எட்டு நாள் கரையில் நின்ற அனுபவம்தான். என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். அங்கே என்ன நடந்தது என்று இன்றுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீங்கள் எல்லாரும் இங்கே முகம் தெரியாதவர்களிடம் இவ்வளவு சொல்கிறீர்கள். தேரிமணல் தம்பி, உங்கள் அத்தானிடம் சொல்லிவிட்டீர்களா?

தேரிமணல்:

இல்லை அக்கா.

ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன். அன்று மதியம் மண்ணெண்ணெய் தீர்ந்து நின்ற என் படகைக் கண்டுபிடித்துக் கட்டி இழுத்து வந்தவர் அவர்தான். படகில் ஆள் இல்லை என்று பார்த்ததும் இருட்டும் வரை அங்கேயே சுற்றியிருக்கிறார். நான் கரையேறிய செய்தி அவருக்கு இரவில்தான் கிடைத்தது. நேரே வீட்டுக்கு வந்தார், சோற்றுப் பாத்திரத்தைக் கழுவித் திண்ணையில் வைத்தார், போய்விட்டார். மறுநாள் நான் போய் 'அத்தான்' என்று கூப்பிட்டேன். சுலபமாகத்தான் வந்தது.

போன மாதம் இருவரும் வலை பொத்திக்கொண்டிருந்தோம். அவராகவே, தலையைத் தூக்காமல், 'அன்றைக்குக் காலையில் ஏழு மணிக்கு நான் அந்தப் பக்கம்தான் தண்ணீர் இறைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். கொஞ்சம் நிமிர்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருப்பாய்' என்றார்.

நான் 'உங்கள் படகு என் கண்ணில் படவே இல்லை அத்தான்' என்றேன். அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். கோத்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று.