மலாய்மொழி மறுதேர்வு: தம்பிக்கு உங்கள் அனுபவம் தேவை

வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே. மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். என் தம்பி இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். தேர்வில் மலாய்மொழியில் தேறவில்லை. அதில் தேறாவிட்டால் சான்றிதழே கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறான். மின்சார வேலை படிக்க ஆசை. மறுதேர்வு என்றாலே, "தோட்டத்துப் பிள்ளைக்கு மலாய்க் கட்டுரை வராது" என்கிறான். கேட்கவே மனம் வலிக்கிறது.

"என்னால் முடியும்" என்று தினமும் சொல்லச் சொன்னோம். நம்பாத சொல் எப்படி நிற்கும்? உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் எழுதியதே எனக்குச் சரியாகப் படுகிறது: தானே செய்து முடித்த அனுபவம்தான் நம்பிக்கையை அதிகம் வளர்க்கும், தன்னைப் போன்றவர் வெற்றி பெறுவதைப் பார்ப்பதும் உதவும். அதனால் இப்போது முழுக் கட்டுரை வேண்டாம், நாளுக்கு ஒரு பத்தி போதும் என்று தொடங்கியிருக்கிறோம். எழுதுகிறான்.

இரண்டாவதற்குத்தான் நீங்கள் வேண்டும். தோட்டத்தில் வளர்ந்து, மலாயில் தவறி, மறுதேர்வில் தேறியவர்கள் இங்கே இருக்கிறீர்களா? எப்படிப் படித்தீர்கள், சோர்ந்த நேரத்தில் உங்களுக்கு நீங்களே என்ன சொல்லிக்கொண்டீர்கள் என்று நான்கு வரி எழுதுங்கள். அவனிடம் வாசித்துக் காட்டுவேன். கோலகங்சார் பக்கம் இரவில் மலாய் சொல்லித்தரும் ஆசிரியர் இருந்தாலும் தெரிவியுங்கள்; பகலில் அவனுக்கு வேலை.